மூக்கு சாரும் ஒன்பது ஊசியும்

முப்பத்தோரு வருடம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவர் அவர். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "அடுத்தவன் அழுக்கை மோந்து பாக்கற வேலை" என்பார். பொய்யில்லை. ஓட்டல் சமையலறைக்குள் கால் வைத்ததுமே, எந்த மூலையில் எலி செத்துக் கிடக்கிறது, எந்தச் சட்டியில் போன வாரத்து எண்ணெய் கொதிக்கிறது, மீன் எத்தனை நாள் பழசு என்று மூக்கு சொல்லிவிடும். காகிதமும் பேனாவும் அப்புறம்தான். கெட்டுப்போன பாலைச் சாக்கடையில் கவிழ்க்கச் சொல்வார். கடைக்காரன் காலில் விழுந்தாலும் இரங்கமாட்டார், கடைசிச் சொட்டு போகும்வரை அங்கேயே நிற்பார். லஞ்சம் வாங்கியதில்லை. நீட்டுகிறவனின் நகத்தைப் பார்த்தே முகம் சுளிக்கிறவர் அதை எங்கே வாங்குவது?

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் மனைவி அவருடைய டம்ளரில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பேரப்பிள்ளை கடித்த பிஸ்கட்டை நீட்டினால் இரண்டடி பின்னால் நகர்வார். "நீங்க மனுசங்களோட குடும்பம் நடத்தப் பொறந்தவர் இல்லைங்க, சோப்போட நடத்தப் பொறந்தவர்" என்று அந்த அம்மாள் சொல்வாள். அதை அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒருநாள் டாக்டர், "கிட்னி ரெண்டும் சுருங்கிப்போச்சு, ரத்தத்துல கழிவு தேங்கி நிக்குது" என்றார். மீன்காரனிடம் கேட்கிற அதே குரலில், "எத்தனை நாளா?" என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேலிருக்கும் என்று பதில் வந்தது. ஊரெல்லாம் மோந்து பார்த்த மூக்குக்குத் தன் உடம்பு கெட்டது மட்டும் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தார்.

டயாலிசிஸ் பிரிவு, ஆஸ்பத்திரியின் பின்கட்டில், துணி வெளுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பதினோரு நாற்காலி, பதினோரு மெஷின், இரண்டே சிஸ்டர்கள். செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்கு இவருடைய கூட்டம். மெஷினைக் கழுவுகிற மருந்தின் வினிகர் நெடி வாசலிலேயே முகத்தில் அறையும். உள்ளே போனால், சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட கால்கள், வாந்தி எடுக்கிற தட்டு, யார் யாரோ போர்த்திய கம்பளி, அதில் ஒட்டிய பிஸ்கட் தூள். இந்த லட்சணத்தில் சிரிப்பு வேறு. கையில் ஊசி குத்தும்போதே கதை பேசுவார்கள். இவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். நான்கு மணி நேரமும் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். மூன்றாம் நாளே "மூக்கு சார்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட அவருக்கு ஆகாதது அங்கிருந்த ஒரு பழக்கம். டயாலிசிஸ் முடிந்து கையிலிருந்து ஊசியை உருவியதும், அந்த இடத்தில் பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அமுக்க வேண்டும். விட்டால் ரத்தம் பீய்ச்சும். உடம்பில் ரத்தம் குறைந்தவர்களுக்கு விரலில் அந்தத் தெம்பு இருக்காது. சிஸ்டர்கள் இரண்டு பேரும் எத்தனை கையைத்தான் பிடிப்பார்கள்? அதனால் முதலில் முடித்தவர் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரர் கையை அமுக்குவார், அவருக்கு நின்றதும் அவர் அடுத்தவருக்கு. யாரும் எழுதி ஒட்டிய விதி இல்லை, தானாக நடந்தது. இவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"என் கைய நானே பாத்துக்கறேன். யாரும் தொட வேண்டாம்."

"அப்ப மத்தவங்க கைய நீங்க பிடிப்பீங்களா சார்?" என்று சிஸ்டர் கேட்டார்.

"மாட்டேன்."

பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் கண்டக்டர் பெண் இருந்தாள். முப்பத்து நான்கு வயது. கண்டக்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் நெரிசலில் நின்றபடி எட்டு மணி நேரம் குரல் கொடுத்தவள், இப்போது இரண்டு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கும். அதற்குக் காரணம் இருந்தது. உடம்பில் ரத்தம் ஊறுவதற்குத் தூண்டிவிடுவதும் கிட்னிதான். அது படுத்துவிட்டால் ரத்தமும் வற்றிப்போகும். அதற்கு ஒரு ஊசி உண்டு. ரத்த ஊசி என்பார்கள். ரத்தத்தின் அளவைச் சொல்லும் எச்.பி.யை மாதா மாதம் பார்ப்பார்கள், அந்த எண்தான் அங்கே எல்லோருக்கும் பரீட்சை மார்க். "என்ன அண்ணே, பாஸா ஃபெயிலா?" என்றுதான் விசாரிப்பார்கள். பத்துக்கு மேல் என்றால் பாஸ். கண்டக்டரம்மாவுக்கு எட்டைத் தாண்டியதே இல்லை.

அவளுடைய தம்பி ஒரு கிட்னி தருவதாக இருந்தான். எல்லாம் பொருந்தியிருந்தது. டாக்டர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆபரேஷன்வரைக்கும் அவளுக்கு வெளி ரத்தம் ஏற்றக் கூடாது. அடுத்தவர் ரத்தம் ஏறினால், உடம்பு அதோடு சண்டை போடப் பழகிக்கொண்டு, நாளைக்குத் தம்பியின் கிட்னியையும் எதிரியாக நினைத்துவிடலாம். ஆக, ஊசியாலேயே எச்.பி. ஏறியாக வேண்டும். வாரம் மூன்று ஊசி போடச் சொல்லி டாக்டர் எழுதினார். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வரத்து குறைவு, இரண்டுதான் தந்தார்கள்.

அந்த மூன்றாவது ஊசிக்காகத்தான் அந்த வசூல் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் ஐஸ்காரர். தள்ளுவண்டியில் ஐஸ்கிரீம் விற்கிறவர், வயது ஐம்பது, கண்டக்டரம்மாவுக்கு எதிர் நாற்காலி. யார் வாந்தி எடுத்தாலும் தன் தோள் துண்டால் துடைத்துவிட்டு, அதே கையால் பிஸ்கட்டை நீட்டுகிற ஆள். அவரைப் பார்த்தாலே இவர் கண்ணை மூடிக்கொள்வார். மார்க் நன்றாக இருப்பவர்கள் முறை வைத்துத் தங்கள் ஊசியில் ஒன்றைக் கண்டக்டரம்மாவுக்கு, அவர் வாயில் தங்கச்சிக்கு, விட்டுக்கொடுப்பது என்று ஐஸ்காரர் பேசி முடித்தார். முடிதிருத்துகிறவர் கொடுத்தார், வக்கீல் குமாஸ்தா கொடுத்தார், இன்னும் நாலு பேர் கொடுத்தார்கள். டாக்டரும் கண்டும் காணாமல் இருந்தார். ஊசியைக் குளிரில் வைக்க வேண்டும், கண்டக்டரம்மா தங்கியிருந்த ஒற்றை அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்தகத்தில் கொடுக்கும்போது "ஐஸ்லயே வச்சுக்குங்க" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள்.

"என்கிட்ட இல்லாத ஐஸா?" என்றார் ஐஸ்காரர். அவளுக்கு மருந்தகம் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாமே அவர் வீட்டில் இருந்த ஐஸ் பெட்டிக்குப் போயின. தேவையானதைத் தெர்மாஸில் போட்டுக் கொண்டுவருவார்.

மூக்கு சாரிடமும் வந்து நின்றார்.

"சார், உங்க மார்க் பதினொண்ணு புள்ளி ஆறு. டாக்டரே ஒண்ணு போதும்னு குறைச்சுட்டார். மிச்சம் இருந்தா தங்கச்சிக்கு..."

"மருந்து என்ன பிஸ்கட்டா, பங்கு போட்டுத் திங்க? ஒருத்தர் பேருக்கு எழுதினத இன்னொருத்தருக்குப் போடறது தப்பு."

சட்டப்படி அவர் சொன்னது சரிதான். சௌகரியமாகவும் இருந்தது. அவர் வீட்டு ஃபிரிட்ஜில், தெர்மாமீட்டர் வைத்து நாலு டிகிரியில், ஒன்பது ஊசிகள் வரிசையாக இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்துவைத்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. உள்ளே கூப்பிடுவதற்கு முன் எல்லோரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ்காரர் தெர்மாஸைத் திறந்து ஒரு ஊசிப் பெட்டியை எடுத்துப் பிரித்தார். உள்ளே கண்ணாடிக் குழாயில் மருந்து வெள்ளையாகக் கட்டியாகிப்போய் நின்றது. வெளியே பொடிப் பனி. அதை உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் வைத்து உருட்டிக் கரைத்துக்கொண்டே, "நல்லா சில்லுன்னு இருக்கு தங்கச்சி, ஒண்ணும் கெடாது" என்றார். சிஸ்டர் கைக்குப் போகும்போது அது தெளிந்த தண்ணீராகிவிட்டது.

மூக்கு சார் பார்த்தார். அவருக்குத் தெரியும். தடுப்பூசிக் கிடங்கை எத்தனை முறை சோதித்திருப்பார்! இந்த மாதிரி மருந்து ஒருமுறை உறைந்தால் அவ்வளவுதான், பிறகு அதைப் போடுவதும் பச்சைத் தண்ணீரைப் போடுவதும் ஒன்று. வாய்வரை வந்தது. பிறகு ஐஸ்காரரின் தோளில் கிடந்த அந்தத் துண்டைப் பார்த்தார். அறிவுகெட்ட கூட்டம், சொன்னால் கேட்கவா போகிறார்கள், சொன்னால் உட்கார்ந்து பேச வேண்டும், தொட வேண்டும், பிஸ்கட் வாங்கிக்கொள்ள வேண்டும். நமக்கென்ன வந்தது? முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மூன்று வாரமும் அவளுக்கு ஊசி போடும் நேரத்தில் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மாத ரிசல்ட் வந்த செவ்வாய்க்கிழமை டாக்டர் அவள் நாற்காலி அருகே நின்று காகிதத்தை இரண்டு முறை படித்தார். "ஆறு எட்டு. வாரம் மூணு ஊசி போட்டும் இறங்கியிருக்கு. எனக்கே புரியலம்மா. ஆறுக்குக் கீழ போனா ரத்தம் ஏத்தாம இருக்க முடியாது, உயிருக்கே ஆபத்து. ரெண்டு வாரம் பாக்கறேன்."

"ஏத்தினா தம்பியோடது சேராதா டாக்டர்?"

"சேராமப் போகலாம்."

அவள் அழவில்லை. கம்பளியை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள். எதிரே ஐஸ்காரர் தனக்குத் தானே, "இன்னும் ஒண்ணு சேத்துப் போட்டுப் பாக்கலாம், இன்னும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முடிதிருத்துகிறவர் தன் ஊசியை விட்டுக்கொடுத்து ஒன்பதுக்கு இறங்கியிருந்தார். குமாஸ்தாவுக்கும் இறக்கம்தான். அவர்கள் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததெல்லாம் வீணாகியிருந்தது. அது அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

மூக்கு சார் வாந்தி எடுத்தார். அங்கே வந்து அதுதான் முதல் தடவை. ஐஸ்காரர் நாற்காலியில் மெஷினோடு கட்டுண்டு கிடந்ததால் துண்டோடு வர முடியவில்லை. "சிஸ்டர், சாரைப் பாருங்க" என்று குரல் கொடுத்தார்.

அன்று மதியம் மூக்கு சார் விசாரித்துக்கொண்டு ஐஸ்காரர் வீட்டுக்குப் போனார். முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு அந்தப் பெட்டி இருந்தது. ஈயும் எறும்பும் அழுகலும் இருக்கும் என்று தயாராகப் போயிருந்தார். ஒரு வாடையும் இல்லை. பெட்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார் மனிதர். மூடியைத் திறந்தால் கப் ஐஸ்கிரீம்களை ஒதுக்கிவிட்டு, தனியாக ஒரு டப்பாவில் ஊசிகள். மேலே "தங்கச்சி" என்று எழுதி ஒட்டியிருந்தது. எல்லாமே கல்லாய் உறைந்திருந்தன. மூக்கு சார் ஒரு ஊசிப் பெட்டியை எடுத்து அதில் அச்சிட்டிருந்ததைப் படித்துக் காட்டினார். உறைய விடக் கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது.

ஐஸ்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு வாரமா நான் அந்தப் பொண்ணுக்குத் தண்ணியவா போட்டேன்?"

"ஆமா."

"எனக்குப் படிக்கத் தெரியும் சார். கண்ணாடி போட்டுப் பாத்திருக்கலாம். ஐஸ்னா எனக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்." கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அந்த இடத்தில் ஒரு பொய் போதும். ரிசல்ட்டைப் பார்த்துச் சந்தேகம் வந்தது என்றால் முடிந்தது. அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"பெஞ்சுல பாத்தேன். மூணு வாரம் முன்னாடி."

ஐஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். காறித் துப்புவார் என்று மூக்கு சார் காத்திருந்தார். துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சொல்லியிருக்கலாமே சார்" என்றார் ஐஸ்காரர். அவ்வளவுதான் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது ஊசிகளையும் சரியான குளிரில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டினார். பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பார்த்தார். அதே மருந்து, அதே அளவு, சீல் உடையவில்லை, தேதி முடியவில்லை. கையெழுத்துப் போட்டார். ஐஸ்காரர் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பு முழுக்க என்னோடது. ஐஸ் பெட்டில வச்சுக் கெடுத்தது நான். மூக்கு சார்தான் வீடு தேடி வந்து கண்டுபிடிச்சார்" என்றார். மூன்று வாரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிறகு ஆரம்பித்தது பாருங்கள், புகழ்மாலை. முடிதிருத்துகிறவர் வந்து தோளைத் தொட்டார். குமாஸ்தா கும்பிட்டார். கண்டக்டரம்மா நாற்காலியிலிருந்து கையை நீட்டி இவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "உங்கள என்னென்னவோ நினைச்சுட்டேன் சார்" என்றாள். அந்தக் கை சில்லிட்டிருந்தது. நான்கு மணி நேரம் நல்லவராகக் கிடந்தார். அழுகின மீனை வாங்கிப் புதுசு என்று விற்றவர்களைப் பிடித்து அபராதம் போட்டவர் அல்லவா, தன்மீதே அந்த வாடை வீசியது. கடைசியில் அவள் மறுபடி விரலைப் பிடித்தபோது தாங்கவில்லை.

"இங்க பாரும்மா. அது உறைஞ்சு போனத நான் மூணு வாரம் முன்னாடியே பாத்தேன். பாத்துட்டும் சொல்லல."

அவள் அவர் விரலை விட்டுவிட்டாள்.

"அந்த மூணு வாரமும் எனக்கு ஊசி போடறப்ப நீங்க செவுத்தப் பாத்துட்டுப் படுத்திருந்தீங்க. உங்களுக்கு ஊசின்னா பயம்னு நினைச்சேன்."



"சிஸ்டர், என் நாற்காலிய மாத்த முடியுமா?"

வேறு நாற்காலி காலியில்லை. "சரி, ஊசிய மட்டும் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆறு வாரம் அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்பது ஊசியும் அவளுக்குப் போயின. அடுத்த மாதம் தன் பங்குக்கு வந்த நாலையும் கொடுத்தார். தன்னுடையதை வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொள்வதாகச் சிஸ்டரிடம் சொல்லிவைத்தார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு பொய் ரிப்போர்ட் எழுதாத மனிதர்! தண்டனை என்று நினைத்துக் கொடுத்தாரா, பாசத்தில் கொடுத்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வதை மட்டும் விட்டுவிட்டார். தன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"ஏங்க, மாடிப்படி ஏறறதுக்குள்ள மூணு தடவ நிக்கறீங்களே" என்றாள் மனைவி.

"வயசாகுது, வேற என்ன?" என்றார்.

கண்டக்டரம்மாவின் எச்.பி. ஆறு எட்டில் நின்றது, ஏழானது, எட்டே காலானது. ரத்தம் ஏற்றாமலே தப்பினாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்தப் பிரிவுக்கு அவள் கடைசியாக வந்தது ஒரு சனிக்கிழமை. ஐஸ்காரர் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். மூக்கு சார் ஒன்றை வாங்கி, நான்கு மணி நேரமும் கையிலேயே வைத்திருந்தார்.

அன்று அவருடைய ஊசியை உருவிப் பஞ்சை வைத்துவிட்டுச் சிஸ்டர் கோடிக்கு ஓடினார், அங்கே யாருக்கோ மயக்கம். மூக்கு சார் தன் விரலால் அமுக்கினார். விரலில் தெம்பில்லை. பஞ்சு நழுவியது. சட்டையில், கம்பளியில், தரையில் என்று ரத்தம் ஓடியது. வெளுத்த, தண்ணியான ரத்தம். அதன் சூடும் இரும்பு வாடையும் மூக்கில் ஏறிக் கண்ணை இருட்டியது. 

கையுறை மாட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு கட்டைவிரல் வந்து அவர் கையில் அழுத்தமாக உட்கார்ந்தது.

"ஆட்டாதீங்க" என்றாள் கண்டக்டரம்மா.

முகம் மறுபக்கம்தான் இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று பழகிய கை, இம்மி நகரவில்லை.

"மார்க் எத்தனை?" என்றாள்.

"ஏழு எட்டு."

"பதினொண்ணு ஆறு இருந்தது."

"ஆமா."

சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் ஆனது. அவள் விரலை எடுத்துப் பார்த்தாள், ரத்தம் நின்றிருந்தது. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"ஐஸ் அண்ணனுக்கு டயாலிசிஸ் முடியப்போகுது. நான் கிளம்பறேன், இனிமே அவர் கையப் பிடிக்க ஆள் இல்ல" என்று, அவர் முகத்தை ஆறு வாரத்துக்குப் பிறகு நேராகப் பார்த்துச் சொன்னாள். "ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து அமுக்குங்க."

மூக்கு சார் எழுந்தார், தலை சுற்றி நின்றார், ஸ்டூலை இழுத்துக்கொண்டு போனார். கையுறை கொழகொழவென்று விரலில் ஒட்டியது. ஐஸ்காரரின் கை ரோமத்தில் வியர்வை, தோளில் அதே துண்டு. ஊசியை உருவியதும் பஞ்சுக்கடியிலிருந்து சூடான ரத்தம் கசிந்து விரலை நனைத்தது.  முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் போனவர், திருப்பாமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு பத்து நிமிடமும் அமுக்கினார்.